ஒன்பது நிமிஷ ஐஸ்கட்டி

ஐஸ்கட்டி உருகிக்கொண்டிருந்தது. அது உருகுவதை அர்த்தநாரி பார்த்துக்கொண்டிருந்தார், வேறு என்ன செய்வது, திரையில் வேறொன்றும் இல்லை, ஒரு சிமெண்டுத் தரை, நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு ஐஸ்கட்டி, ஓரத்தில் ஒருத்தனின் கால் மட்டும், ரப்பர் செருப்புப் போட்ட கால், அந்தக் கால் அசைந்தாலாவது இனி ஏதோ நடக்கப் போகிறது என்று நிமிர்ந்து உட்காரலாம், அதுவும் அசையவில்லை. வெளியே டீ குடிக்கும்போது தாடி வைத்த ஒருத்தன் இன்னொரு தாடிக்காரனிடம் கோயில் தேரைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னான், ஒன்பது நிமிஷம்டா, ஒரு வெட்டு கிடையாது, பாரு நீ. ஒன்பது நிமிஷம் வெட்டே கிடையாதென்றால் வெட்டுவதற்கென்று போட்ட ஆளுக்கு அங்கே என்ன வேலை? அந்த ஆள் அவருடைய மகள். படம் தொடங்கும்போது கறுப்பில் வெள்ளையாகப் பெயர் வந்தது, படத்தொகுப்பு என்று மேலே, அ. மேகலா என்று கீழே. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பெயர் ஓடிவிடுமோ என்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு படித்தார், இந்தப் படத்தில் எதுவும் ஓடாது என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அந்த ‘அ’ அவர்தான். ஏழு வருஷம் பேசாத அப்பனின் எழுத்தை எடுக்காமல் வைத்திருக்கிறாள். எடுக்க மறந்துவிட்டாளா, எடுக்க மனசில்லையா, இல்லை, எடுத்தால் வேறு எந்த மேகலாவோ என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ளும் என்பதற்காகவா? ஐஸ்கட்டியின் ஒரு மூலை பொத்தென்று விழுந்தது. சரி, ஏதோ நடந்தது. இன்னும் உருகியது.

வலது பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார், எதையோ தவறவிட்டுவிடக் கூடாது என்கிறமாதிரி. அர்த்தநாரிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஏனுங்க, இப்ப என்ன நடக்குதுங்க?” என்றார் மெதுவாக. கண்ணாடிக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவர் காத்திட்டு இருக்கார் சார்” என்றார். “எதுக்குங்க?” “அது தெரியாது சார்.” “உங்களுக்குமா தெரியாது?” “யாருக்கும் தெரியாது. அதான் சார் படம்.” அதான் படம். அர்த்தநாரி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனி, அதில் ஒரு வேலைக்காரன், அவன் ஐஸ்கட்டியைக் கொக்கி போட்டு இழுக்கிறான், தள்ளுகிறான், சாப்பாட்டுப் போசியைத் திறக்கிறான், மூடுகிறான், கடலைப் பார்க்கிறான். ஒரு படகு வரவில்லை போலிருக்கிறது. யார் போன படகு என்று அவனும் சொல்லவில்லை, யாரும் அவனைக் கேட்கவும் இல்லை. ஊரில் ஒருத்தன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் அரை மணிக்குள் பத்துப் பேர் வந்து, ஏப்பா, என்ன சங்கதி என்று பிடுங்கி எடுத்திருக்க மாட்டார்களா? அந்தத் துறைமுகத்தில் மனுசரே இல்லையா? முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார், ஈரத் தரை, அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அழுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அவருக்குத் தெரியாத எதுவோ அந்தத் தரையில் இருக்கிறது. தலையைச் சற்றுச் சாய்த்து, அவள் தலை இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியுமோ என்று பார்த்தார். அங்கிருந்தும் அதே தரைதான்.

பிடிக்கவில்லை. இதில் சந்தேகமே இல்லை. உட்கார்ந்த கால் மணியிலேயே தெரிந்துவிட்டது. பிடிக்காதது அவருக்குப் புதிதா என்ன, உலகத்தில் அவருக்குப் பிடிக்காததுதான் அதிகம், ஆனால் பிடிக்காததை வெளியே சொல்லப் பயந்தது இதுதான் முதல் தடவை. மேகலா பின்னால் நிற்கிறாள். படம் ஓடும்போது உட்கார மாட்டாளாம், கதவோரம் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள், அவருடைய பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். படம் முடிந்தால் வருவாள். வந்து கேட்பாள், எப்படிப்பா இருந்துச்சு. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாவாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். கட்டிய நாளிலிருந்து அவருடைய வாயைப் பற்றிப் பயந்துகொண்டிருக்கிறவள். “இங்க பாருங்க. பேசாம பொட்டாட்டம் உக்காந்துட்டு, முடிஞ்சதும் ‘நல்லா இருக்குது கண்ணு’ன்னு மூணு வார்த்த சொல்லுங்க. நாலாவது வார்த்த உங்க வாயில இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுது, இந்த ஊட்டுல சோறு கெடையாது.” “நல்லா இல்லைன்னா?” “நல்லா இல்லாட்டி நீங்க எடுத்துக் காட்டுங்க, நான் வந்து பாக்கறேன்.” மூன்று வார்த்தை. எண்ணிப் பார்த்தால் சுலபம்தான். நல்லா. இருக்குது. கண்ணு. கடைசி வார்த்தை ஒன்றுதான் அவரால் மனசறிந்து சொல்ல முடியும்.

மேகலா ஒன்பதாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்கு மேடையேறிப் பேசினாள். அவர் அந்த வருஷம் ஆந்திரா பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் போயிருந்து, துளை போடும் ராடெல்லாம் தேய்ந்துபோய் வண்டி ஊர் திரும்பியதால் தற்செயலாக வீட்டில் இருந்தார், வருஷத்தில் பத்து நாள், பதினைந்து நாள், அப்படித்தான் அவர் வீட்டைப் பார்த்தது. மற்ற அப்பன்மார்களோடு வேப்பமரத்தடியில் நின்று கேட்டார். இறங்கி ஓடிவந்து மூச்சு வாங்க நின்று, எப்படிப்பா என்றாள். இரட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அவர் சொன்னார், இழுத்துட்ட. பொய்யில்லை, இழுத்துத்தான் விட்டாள், கொடியேற்றியதிலிருந்து நின்ற பிள்ளைகள் வெயிலில் கால் மாற்றிக்கொண்டிருந்தன. அவள் ரிப்பனைக் கட்டிக்கொண்டே போய்விட்டாள். அதற்குப் பிறகு எதையும் அவரிடம் காட்டி எப்படி என்று கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதே அவருக்குப் பல வருஷம் உறைக்கவில்லை. அப்புறம் அக்கா மகனுக்கென்று பேசி வெற்றிலை பாக்கு மாற்றின மறுவாரம் அவள் பூனாவுக்கு ரயில் ஏறிவிட்டாள், சினிமா வெட்டப் படிக்க, அதை அவர் டீக்கடையில் வைத்துத் தெரிந்துகொண்டார், டீ ஆற்றுகிறவன் சொல்லி. அதுதான் ஆறவில்லை. போனதுகூட இல்லை, டீ ஆற்றுகிறவனுக்கு முதலில் தெரிந்தது. அவருடைய மனசில் ஒன்று விழுந்தால் விழுந்ததுதான், ராய்ச்சூரில் ஒரு மெக்கானிக் இவனுக்கென்னடா தெரியும் என்று சொன்னான், அவன் செத்த சேதி வந்தபோது, இருக்கட்டும், அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் வாயில் வந்தது. பாவாயிக்கு வயிற்றில் ஆபரேசன் செய்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சின் ஒரு முனையில் அவர், இன்னொரு முனையில் மேகலா, நடுவில் பாவாயியின் தங்கச்சி சரசா. “மாமா, உங்க புள்ள காப்பி வேணுமான்னு கேக்குது.” “எந்தப் புள்ள?” “இத பாருங்க மாமா, நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா?” இரண்டு நாள். காப்பியை மட்டும் குடித்தார். சூடாக இருந்தது.

ஏழு வருஷம் எப்படி உடைந்தது என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. போன தை மாசம், பாவாயியின் முழங்காலைப் பார்க்க மேகலா வந்திருந்தாள், வந்தது அவருக்குத் தெரியாது, தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே சமையல்கட்டைப் பார்த்து, சாப்டியா என்றார், பாவாயி என்று நினைத்து. “இல்லீங்ப்பா” என்று குரல் வந்தது. சொன்ன வார்த்தையை எடுத்து வாயில் திரும்பப் போட்டுக்கொள்ளவா முடியும். ஈரக் கையோடு நின்றார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாரும் எதையும் பற்றிப் பேசவில்லை, புளிக்குழம்பு மட்டும் நன்றாக இருந்தது என்று பாவாயியிடம் சொன்னார், மேகலாவும் ஆமா என்றாள். போகும்போது, “அப்பா, கோயமுத்தூர்ல ஒரு ஞாயித்துக்கெழம நாங்க பண்ணுன படம் போடறாங்க, வர்றீங்களா” என்றாள், செருப்பு மாட்டுகிறமாதிரி குனிந்துகொண்டு. இருபது வருஷம் கழித்து மறுபடி கேட்கப் போகிறாள். இன்றைக்கு இழுத்துட்ட என்று சொன்னால் இன்னொரு ஏழு. அவருக்கு எழுபத்தொன்று. எழுபத்தெட்டில் சாப்டியா என்று தவறிச் சொல்ல அவர் இருப்பாரா, சொன்னாலும் அந்தச் சமையல்கட்டில் யார் இருப்பார்கள்?

பொய் சொல்லிவிடலாம். எல்லாரும் சொல்கிறார்கள். பத்திரிகையில்கூட எழுதியிருந்தார்கள், வெளிநாட்டிலெல்லாம் கை தட்டினார்களாம், ‘மௌனத்தைச் செதுக்கியிருக்கிறார் படத்தொகுப்பாளர்’ என்று ஒரு வரி, பாவாயி அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். மௌனத்தை எதை வைத்துச் செதுக்குவார்கள்? கேலிக்கில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எழுதினவன் இந்த ஐஸ்கட்டியைப் பார்த்துத்தானே எழுதினான், அவனுக்கும் இரண்டு கண்ணுதானே. ஒருவேளை எல்லாருமே பொய் சொல்கிறார்களோ? ஆனால் அந்தப் பெண்பிள்ளையின் கண்ணீர் பொய்யில்லை, இருட்டில் யாருக்குக் காட்ட அழுவாள். பொய் அவருக்கு வராது, அது பெருமையில்லை, ஒரு கோளாறு. முப்பத்தாறு வருஷம் போர் போட்டதில் தோட்டக்காரர்கள் குழியைச் சுற்றி நின்றுகொண்டு அவருடைய மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள், குழியை அல்ல. மேலே வருகிற கல்தூள் புகைந்துகொண்டு வந்தால் கீழே ஒன்றுமில்லை, ஈரக்கசிவு இருந்தால் தூள் நிறம் மாறும், களியாக வரும். கூட இருந்தவர்கள், இன்னொரு நூறடி போனா வந்துருங்க, நல்ல அறிகுறிங்க என்பார்கள். அவர் ஒரு பிடி தூளை எடுத்து விரலில் தேய்த்து, இல்லைங்க என்பார். சாதனூர் பக்கம் ஒரு பொம்பளை, கழுத்தில் மஞ்சக்கயிறு மட்டும் மிச்சம், இல்லைங்க என்றதும் அவரை அப்படிப் பார்த்தாள், உன் வாய்தான் தண்ணியை விரட்டியது என்கிறமாதிரி. அன்று இரண்டு வேளை அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இல்லைதானே. இல்லாததை எப்படி இருக்கிறதென்று சொல்வது.

இப்போது திரையில் கம்பெனியின் உள்பக்கம். பெரிய தொட்டி, வரிசையாகத் தகர டப்பாக்கள், அவற்றில்தான் தண்ணீர் ஐஸாகிறது போல, அந்த ஆள் சாக்கை விரித்து உட்காருகிறான், இதெல்லாம் கண்ணில் படுகிறதே தவிர அவருக்குக் காதுதான் விழித்துக்கொண்டது. மிஷின் சத்தம். கம்ப்ரஸர். படம் ஆரம்பித்ததிலிருந்தே அடியில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், இப்போதுதான் முழுசாக மேலே வருகிறது, நாற்காலியின் கட்டைவரைக்கும் அதிர்கிறது. நல்ல மிஷின். பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஒன்பதாவது சுற்றுக்கோ பத்தாவது சுற்றுக்கோ ஒரு தட்டு தட்டுகிறது, கேட்டியா, அந்தா, சரியாகச் சொன்னேன், இறுக்கிவிட்டால் போதும். தாடிக்காரர்களுக்கு இது தெரியாது. இந்தத் தியேட்டரில் இருக்கிற நூறு பேரில் அந்தப் பெல்ட்டைப் பற்றித் தெரிந்தவன் தான் ஒருத்தன்தான் என்று நினைத்தபோது, படம் தொடங்கிய பிறகு முதல்முறையாகச் சற்று சௌகரியமாக உட்கார்ந்தார். அந்த ஆள் சாக்கில் படுத்தான். படுக்கட்டும். லாரிக்கு அடியில், இரண்டு டயருக்கு நடுவே தார்ப்பாய் விரித்து, மேலே கம்ப்ரஸர் ஓட, காது கிழிகிற சத்தம் என்று வேற்றாள் சொல்வான், அது சத்தமே இல்லை, கம்பளி, தலைவரை இழுத்து மூடிக்கொள்கிற கம்பளி, கல்தூள் வாசம், டீசல் வாசம், முருங்கை மரத்தில் எவனோ ஈரத் துண்டு காயப்போட்டிருக்கிறான், இருபது ராடு இறங்கியிருக்கும், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஓடுகிறவரைக்கும் எல்லாம் சரி, ஓடட்டும், நல்லா, இருக்குது, கண்ணு, அவள் ரிப்பனைக் கட்டிக்கொண்டே போகிறாள், போகட்டும், பெல்ட்டு தட்டுகிறது, ஓடட்டும்

நின்றது.

“எவன்டா வண்டிய நிறுத்துனது!”

எழுந்து நின்றுகொண்டிருந்தார். கை தானாக வலதுபக்கம் லீவரைத் தேடிப்போய்க் கண்ணாடிக்காரரின் தோளைப் பிடித்திருந்தது. வண்டி நின்றால் நானூறடிக்குக் கீழே பாறையைத் துளைக்கிற பிட்டின் மேல் கல்தூள் இறங்கிக் கவ்விக்கொள்ளும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ராடு மேலே வராது, அதனால் போர் வண்டிக்காரன் எந்தச் சத்தத்திலும் தூங்குவான், சத்தம் நின்றால் மட்டும் எழுந்துவிடுவான், முப்பத்தாறு வருஷமாக உடம்பில் ஏறிப்போனது. அந்த ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று பிடிபடவில்லை, லாரியா, வீடா, வீட்டில்கூட இப்படித்தானே, ஊருக்கு வந்த பத்து நாளும் நிசப்தத்தில் தூக்கம் பிடிக்காமல் புரளுவார், பாவாயி வெறும் கிரைண்டரை ஓட விட்டுத் தூங்கவைப்பாள், சின்னப் பிள்ளையாக இருந்த மேகலா விளையாட்டாகப் போய்ச் சுவிட்சை அமர்த்துவாள், அவர் துள்ளி எழுந்து எவன்டா என்று கத்துவார், அவள் சுவிட்சில் கையை வைத்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இருட்டு. நூறு தலைகள் அவர் பக்கம் திரும்பியிருந்தன. திரையில் அந்த ஐஸ் கம்பெனிக்காரனும் சாக்கின் மேல் எழுந்து நின்றுகொண்டிருந்தான், இருட்டில், கண்ணை அகல விழித்துக்கொண்டு. சத்தமே இல்லை. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “அப்பா சாமி, உக்காருங்க” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அவர் உட்கார்ந்தார். காது மடல் கொதித்தது. திரும்பிக் கதவுப் பக்கம் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. முடிந்தது. மூன்று வார்த்தையும் போயிற்று, நாலாவது வார்த்தையை நூறு பேர் முன்னால் கத்தியாயிற்று, வெளிநாடெல்லாம் கை தட்டின படத்தில், செதுக்கி வைத்த மௌனத்தில். மீதிப் படம் அவருடைய கண்ணுக்கு முன்னால் போனது. விடிந்தது, கடல், படகு வரவில்லை, பெயர்கள் ஏறின, அவளுடைய பெயரைப் படிக்கக்கூட அவர் நிமிரவில்லை.

கை தட்டி முடித்து, டைரக்டர் மைக்கைப் பிடித்ததும் அவர் பக்கக் கதவு வழியாக வெளியேறினார். மாடிப்படியின் கீழே கழற்றி விட்டிருந்த செருப்பை உதறி மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஓடிவருகிற காலடி கேட்டது. மேகலா. கண்ணெல்லாம் ஈரம், மூக்கு சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று நினைத்தார். கிட்ட வந்தபோதுதான் தெரிந்தது, சிரித்திருக்கிறாள், சுவரோடு சாய்ந்து அடக்கமாட்டாமல் சிரித்திருக்கிறாள்.

“எங்கப்பா ஓடறீங்க?”

“பஸ்ஸு இருக்குது.”

“பஸ்ஸு அரை மணிக்கொண்ணு இருக்குது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எத்தன ஊருல காட்டியாச்சுங்ப்பா. அந்த எடத்துல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு எந்திரிக்கல. நீங்க ஒருத்தர்தான்.”

அவருக்கு இது பாராட்டா கேலியா என்று பிரிக்கத் தெரியவில்லை. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இப்போது கேட்பாள், அதற்கு முன்னால் சொல்லிவிடுவதுதான் நல்லது, கேட்டுவிட்டு அந்த முகம் மாறுவதை இன்னொருமுறை பார்க்க முடியாது. “எனக்குப் படம் புடிக்கல அம்மிணி” என்றார்.

அவளுடைய சிரிப்பு உதட்டோரத்தில் அப்படியே நின்றிருந்தது, போகவில்லை, போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்தது திறந்ததுதான் என்று அவர் மேலே போனார். “அப்பறம் இன்னொண்ணு. மிஷினு அப்படி நிக்காது. கரண்டு போச்சுன்னாலும் வீலு சுத்திச் சுத்தி, இழுத்துட்டுப் போயித்தான் அடங்கும். நீங்க கத்தியால வெட்டுனாப்புல பொட்டுன்னு நிறுத்திப்புட்டீங்க. அது தப்பு.”

“தப்புத்தான்” என்றாள். “நீங்க சொல்றாப்புலதான் அடங்குச்சு, முப்பது செகண்டு இழுத்துச்சு. டைரக்டரு அத வெக்கச் சொல்லித்தான் நின்னாரு, ரெண்டு நாளு சண்ட. நான்தான் வெட்டுனேன்.”

“ஏன்?”

“அவன் தூங்கறானல்லோ. மிஷினுக்கு அது இழுத்துட்டு நிக்குது. தூங்கறவனுக்கு?” அவருடைய முகத்தைப் பார்த்தாள். “நீங்க எந்திரிச்சீங்களே இப்ப. முப்பது செகண்டா எந்திரிச்சீங்க?”

லாரிக்கு அடியில் எத்தனை தடவை, ஒரு தடவைகூட மிஷின் இழுத்து அடங்கினதைக் கேட்டு அவர் எழுந்ததில்லை. கேட்டதெல்லாம் நின்றதுதான். அவ்வளவு வருஷம் அதன் அடியில் படுத்த அவருக்குத் தோன்றாதது இவளுக்கு எப்படித் தோன்றியது? மேலே ஹாலுக்குள் யாரோ என்னமோ கேட்க, டைரக்டர் மைக்கில் காலம், இருத்தல் என்று பேசிக்கொண்டிருந்தார். வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார், எழுத்துக் கூட்டினார். மத்தியானம் இரண்டரைக்கு மறுபடி ஒரு காட்சி என்று போட்டிருந்தது.

“நான் தூங்கினது எவ்வளவு நேரம் இருக்கும்?”

“இருவது நிமிஷம். கொறட்ட வேற.”

“அதுல என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலீங்ப்பா. அவன் தூங்கறான், மிஷினு ஓடுது. அவ்வளவுதான்.”

“அதுல நீ எதையாவது வெட்டியிருக்கறயா?”

“பதினாலு எடத்துல.”

“பதினாலா!” ஒன்றும் நடக்காத இருபது நிமிஷத்தில் பதினாலு இடத்தில் வெட்ட என்ன இருந்திருக்கும்? அவர் மாட்டிய செருப்பிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்தார்.

“புடிக்கலைன்னீங்க” என்றாள் மேகலா.

“புடிக்கலதான்” என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி இன்னொரு காலையும் எடுத்தார். “மொதல்ல எங்கியாவது சோறு தின்னுட்டு வரலாம் வா. ரெண்டரைக்கு நீ நின்னுக்கிட்டிருக்காத. பக்கத்துல உக்காந்து, வெட்டுன எடம் வர்றப்பெல்லாம் என்ற கையில ஒரு கிள்ளு கிள்ளு.”

சோறு தின்னப் போக வேண்டுமென்றால் செருப்பு வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.